ராமேஸ்வரத்துக் கரையில் செருப்புக் காவல்

ராமேஸ்வரத்துக்குப் போய்வந்தால் பிள்ளை பிறக்கும் என்று என் மாமியார் சொன்னாள். நான் நம்பினேன். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. மரத்தில் தொட்டில் கட்டியாயிற்று. ஈரப்புடவையோடு மலையைச் சுற்றியாயிற்று. யார் என்ன வேர் கொடுத்தாலும் அரைத்துக் குடித்தாயிற்று. டவுன் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு முறை போனேன். டாக்டரம்மா என் புருஷனையும் கூட்டிவரச் சொன்னாள். அவர் வரவில்லை. மல்லாட்டை பிடுங்குகிற நேரம், நிலக்கடலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்றார். மல்லாட்டை பிடுங்கி முடிந்த பிறகும் வரவில்லை. ஆஸ்பத்திரி அதோடு சரி.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில். வீடு என்றால் என் புருஷன் வீடு. கொஞ்சம் நிலம், மலை சுற்றுகிற பாதையில் ஒரு சின்னக் கடை. பௌர்ணமியில் கடையில் நிற்பது நான், மற்ற நாளில் நிலத்தில் நிற்பதும் நான். மாமனார் இல்லை. மாமியார்தான் எல்லாம். என் புருஷன் அம்மாவைக் கேட்காமல் சட்டைகூட மாற்ற மாட்டார்.

எழுபதுகளின் கடைசி அது. டவுனில் ஒரு ஏஜெண்டு வருஷா வருஷம் தை மாதத்தில் யாத்திரை பஸ் விடுவான். பழனி, மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி. சமையல்காரன், அண்டா, அரிசி மூட்டை எல்லாம் பஸ்ஸிலேயே வரும். இந்தத் தடவை தை அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் இருப்போம் என்று அவன் சொல்லியிருந்தான். அன்றைக்குக் கடலில் புருஷனும் பெண்டாட்டியும் கைகோத்து மூன்று முழுக்குப் போட்டால் எந்தத் தோஷமும் போய்விடும் என்பது ஊர்ப்பேச்சு. மாமியார் எங்கள் இரண்டு பேரையும் எதிரில் நிற்கவைத்து இப்படிச் சொன்னாள்:

"இதான் கடைசி. புருஷன் பொண்டாட்டியா கையப் புடிச்சிக்கினு முழுவிட்டு வாங்க. அதுக்கும் ஒண்ணும் ஆவலன்னா, அப்பால நான் பண்றதப் பண்ணுவேன். யாரும் என்னை இன்னான்னு கேக்கக் கூடாது."

அவள் என்ன பண்ணுவாள் என்று எங்கள் தெருவில் நாய்க்கும் தெரியும். செங்கம் பக்கத்தில் அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். தம்பிக்கு ஒரு பெண் இருந்தாள். என் புருஷனுக்கு மாமன் மகள், உரிமைப் பெண். அவர்கள் அவளை எனக்கு முன்பே கட்டியிருப்பார்கள். அப்போது அவள் ரொம்பச் சின்னவள். இப்போது வளர்ந்துவிட்டாள். அவ்வளவுதான் விஷயம். அந்தக் கடலில் நான் முழுக வேண்டும். முழுகினால் இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ எனக்குக் கிடைக்கும். முழுகாவிட்டால் என் இடத்தில் அவள்.

கிளம்புகிற அன்று பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். அத்தைக்கு முழங்கால் வலி, கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஆள் வேண்டும் என்றார்கள். எனக்கும் இரண்டு கை இருந்தது. எங்களுக்கு இரண்டு பேர் உட்காருகிற சீட்டு. மாமியார் மகனை அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, பின்னால் இருந்த சீட்டில் தன் பக்கத்தில் என்னை உட்காரவைத்தாள். எதிர்ச் சீட்டில் எங்கள் ஊர்க்காரி ஒருத்தி. வாய் சும்மா இருக்காதவள். "இன்னாமே, ரெண்டு சீட்டுக்கு மூணு பேரு டிக்கெட் எடுத்துக்கினு வந்துட்டீங்களா?" என்று கேட்டாள். பஸ் முழுக்கச் சிரித்தது. என் புருஷனும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பெண்கள் கோயில் யாத்திரை போனால் பெரிய பயம் ஒன்று உண்டு. நடுவழியில் தூரமாகிவிட்டால் எல்லாம் போச்சு. கோயிலுக்குள் போக முடியாது, தீர்த்தம் ஆட முடியாது, யாரையும் தொட முடியாது. அதற்கு அப்போதே மாத்திரை வந்துவிட்டது. எங்கள் ஊருக்கு வருகிற நர்ஸம்மா எனக்கு ஒரு அட்டை கொடுத்திருந்தாள். விடாமல் போடு, ஒரு நாள் விட்டாலும் வந்துவிடும் என்று சொல்லித்தான் கொடுத்தாள். எனக்கு நாள் கணக்குப்படி தை அமாவாசையை ஒட்டித்தான் வரும். அதனால் மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன்.

மதுரையில் சத்திரத்தில் நான் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடிக்கும்போது மாமியார் பார்த்துவிட்டாள். என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவளுக்கு முகம் மாறியது. பிள்ளை வரம் கேட்கப் போகிறவள் வயிற்றைக் காயவைக்கிற மாத்திரையைத் தின்றுவிட்டுப் போனால் சாமி எப்படிக் கொடுக்கும் என்று கத்தினாள். அட்டையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். பஸ் கிளம்பி வைகைப் பாலத்தில் போகும்போது ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்தாள். நான் என் புருஷனைப் பார்த்தேன். அவர் ஆற்றைப் பார்த்தார்.

அவள் உண்மையிலேயே மாத்திரைக்குப் பயந்து செய்தாளா, வேண்டுமென்று செய்தாளா என்று பலபேர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். இரண்டும்தான். என் மாமியார் மாதிரி ஆட்களுக்குப் பக்தியும் காரியமும் ஒரே பாதையில் போகும். எது முன்னால் போகிறது என்று அவர்களுக்கே தெரியாது.

அந்தக் காலத்தில் ராமேஸ்வரத்துக்கு ரோடு கிடையாது. பஸ்ஸை மண்டபத்தில் விட்டுவிட்டு ரயிலில்தான் கடலைத் தாண்ட வேண்டும். அப்போதுதான் எனக்கு அது ஒரு தீவு என்றே தெரிந்தது. எங்கள் பஸ்ஸில் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கடலை அன்றைக்குத்தான் பார்த்தார்கள். பாலத்தில் ரயில் ஊர்ந்து போனது. காற்று முகத்தில் அறைந்தது. எல்லோரும் ஜன்னலில் முட்டிக்கொண்டு காசை எடுத்துக் கடலில் எறிந்து கும்பிட்டார்கள். அந்தப் பெண் என் புருஷன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக் குழந்தை மாதிரிச் சிரித்தாள். எவ்வளவு பெரிய ஏரி என்று ஒரு கிழவர் சொன்னார். எனக்குக் கடல் கண்ணில் படவில்லை. பாலத்தின் நடுவில் வரும்போது எனக்கு அடிவயிற்றில் இழுத்தது. வந்துவிட்டது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று முடிவு செய்தேன். இதை எழுதுவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. பிள்ளைக்காக ஆறு வருஷம் பட்டினி கிடந்தது இந்த உடம்பு. அதே உடம்பு செய்கிற ஒரு காரியத்துக்காகக் கடலுக்குள் இறங்கக்கூடாது என்றால் அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. சாமி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன். மாமியார் கோபம் அளவுக்குச் சாமி கோபம் எனக்குப் பயமாக இல்லை.

சத்திரத்தில் எங்களுக்கு ஒரே கூடம். பின்னால் தட்டி வைத்து மறைத்த குளிக்கிற இடம். அங்கே போய்ப் பழைய உள்பாவாடையைக் கிழித்துக்கொண்டிருந்தேன். தட்டியை விலக்கிக்கொண்டு அந்தப் பெண் உள்ளே வந்தாள். சொம்பு எடுக்க வந்தவள். என் கையில் இருந்த துணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் விரலை வாயில் வைத்துக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். நான் துணியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் கூடத்தில் இருந்த அத்தனை பெண்களும் எழுந்து சுவரோரம் போயிருந்தார்கள். நடுவில் என் மாமியார்.

"அங்கியே நில்லு. ஒரு அடி வெச்ச, பாத்துக்க. சாமிய ஏமாத்திட்டு என் புள்ளைய கடல்ல எறக்கப் பாத்தியா? அவனுக்கு எதனா ஆயிருந்தா நீ குடுப்பியாடி?"

ஊர்க்காரிகள் ஆளாளுக்குப் பேசினார்கள். ஒருத்தி, இதனால்தான் இவளுக்கு வயிறு திறக்கவில்லை என்றாள். ஒருத்தி, ரயிலில் இவள் தன் மடியில் சாய்ந்திருந்தாளே என்று பதறிப் புடவையை உதறினாள். இன்னொருத்தி சமையல்காரனிடம் ஓடிப்போய் என் தட்டைத் தனியாக வைக்கச் சொன்னாள். அந்தப் பெண் என் மாமியாருக்குப் பின்னால் நின்றுகொண்டு அழுதுகொண்டிருந்தாள். அழ வேண்டியவள் நான்.

என் புருஷன் வெளியே இருந்து வந்தார். விஷயம் சொன்னார்கள். "அப்ப இன்னா பண்றது?" என்று அம்மாவைக் கேட்டார். என்னைக் கேட்கவில்லை.

மறுநாள் அமாவாசை. விடிந்ததும் எல்லோரும் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். நான் சத்திரத்தில் இருக்கலாம் என்று நினைத்தேன். சத்திரத்துக்காரர் விடவில்லை, தூரமானவள் கூடத்தில் தனியாக இருந்தால் அடுத்த ஆட்களுக்கு இடம் கொடுக்க முடியாது என்றார். அதனால் தள்ளித் தள்ளி நடந்து நானும் போனேன். கோபுர வாசலுக்கு எதிரிலேயே கடல். எங்கள் ஊரில் எங்கே நின்றாலும் தலையைத் தூக்கினால் மலை தெரியும், எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். அங்கே எதுவும் இல்லை. மணல், பனைமரம், தண்ணீர். மீன் நாற்றம். கரையெல்லாம் ஜனம் அவிழ்த்துப் போட்ட பழந்துணி, மிதக்கிற வாழை இலை, எள்ளுச் சோறு. அதைத் தின்ன மாடுகள். இப்போது அங்கே சுற்றுலா போய்விட்டு வருகிறவர்கள் கடல் என்ன அமைதி, என்ன அமைதி என்கிறார்கள். அமைதிதான். அலை கிடையாது, குளம் மாதிரிதான் கிடந்தது. அதனால்தான் தண்ணீரில் பேசியதெல்லாம் கரைக்குக் கேட்டது.

கரையில் மூட்டைகளை யார் பார்த்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. மாற்றுத்துணி மூட்டையை நான் தொட முடியாது. அது மடி, தீட்டுப் படக்கூடாது. சாப்பாட்டுக் கூடையைத் தொட முடியாது. அப்போது அந்த வாய்க்காரி சொன்னாள்:

"செருப்பப் பாத்துக்கட்டுமே. செருப்புக்கு ஏது தீட்டு?"

எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். ஆளாளுக்கு வந்து என் முன்னால் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனார்கள். கையில் கொடுக்கவில்லை, தள்ளி நின்று எறிந்தார்கள். டயர் செருப்பு, ரப்பர் செருப்பு, வார் அறுந்து ஊக்குப் போட்ட செருப்பு. பஸ் ஜனம் அத்தனையும் போட்ட பிறகு என் முழங்கால் உயரத்துக்கு ஒரு குவியல். என் புருஷனுடைய தோல் செருப்பும் அதில் இருந்தது. நான் அதற்குப் பின்னால் மணலில் உட்கார்ந்தேன். வழியில் போகிறவர்கள் நான் செருப்புக்கு டோக்கன் கொடுக்கிறவள் என்று நினைத்தார்கள். ஒரு வடநாட்டுக்காரர் தன் செருப்பையும் கழற்றி வைத்துவிட்டு எதையோ சொல்லிவிட்டுப் போனார்.

கடலில் இடமே இல்லை. இடுப்பளவு தண்ணீரில் ஒரு ஐயர் நின்றுகொண்டு ஜோடி ஜோடியாக ஆட்களைக் கூப்பிட்டு, வேட்டி முனையையும் முந்தானையையும் முடிந்து, மந்திரம் சொல்லி, முழுகச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். பின்னால் வரிசை நின்றது. அவருக்கு யார் முகத்தையும் பார்க்க நேரமில்லை. என் புருஷன் போய் நின்றார். தனியாக முழுகிவிட்டு வருவார் என்றுதான் நினைத்தேன். அவருக்குப் பக்கத்தில் மாமியார். மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண். மஞ்சள் புடவை. ஐயர் திரும்பினார், ஆணும் பெண்ணுமாக இரண்டு பேரைப் பார்த்தார், வேட்டி முனையைப் பிடித்து இழுத்து அவள் முந்தானையோடு முடிந்தார். அது அவர் தவறு. அதில் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. வரிசையில் நின்ற ஆணையும் பெண்ணையும் புருஷன் பெண்டாட்டி என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அந்தப் பெண் அத்தையைப் பார்த்தாள். என் புருஷன் அம்மாவைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும். இவள் இல்லை சாமி என்று யாராவது ஒருத்தர் சொன்னால் முடிச்சை அவிழ்த்துவிட்டு அடுத்த ஜோடியைக் கூப்பிட்டிருப்பார். ஒருத்தரும் சொல்லவில்லை. ஐயர் கோத்திரம் கேட்டார். தெரியாது என்றார் என் புருஷன். சிவகோத்திரம் என்று ஐயரே போட்டுக்கொண்டார். புருஷன் நட்சத்திரம் கேட்டார், சொன்னார்கள். பெண்டாட்டி நட்சத்திரம் என்ன என்று கேட்டார்.

"ரோகிணி" என்றாள் என் மாமியார்.

என் நட்சத்திரம் கேட்டை. பெண் பார்க்க வந்தபோது கேட்டை என்று முகத்தைச் சுளித்தவள் அவள். அது அவளுக்கு மறக்காது.

ஐயர் கையைப் பிடிக்கச் சொன்னார். என் புருஷன் அவள் கையைப் பிடித்தார். முழுகினார்கள். ஒரு முழுக்கு. நான் எழுந்துவிட்டேன். இரண்டாவது முழுக்கில் செருப்புக் குவியலை மிதித்துக்கொண்டு நடந்தேன். மூன்றாவது முழுக்கு முடிந்து அவர்கள் தலையைத் தூக்கும்போது நான் தண்ணீரில் இறங்கியிருந்தேன். கட்டின புடவையோடு, கட்டின துணியோடு. ஊர்க்காரிகள் என்னைப் பார்த்துவிட்டு அலறிக்கொண்டு ஒதுங்கினார்கள். அவ்வளவு கூட்டத்தில் எனக்கு மட்டும் வழி கிடைத்தது. நேராகப் போய் அந்த முடிச்சைப் பிடித்தேன்.

"ஐயரே, நான்தான் இந்த ஆளுக்குப் பொண்டாட்டி. கேட்டை நட்சத்திரம். தூரமா இருக்கேன். நீங்க சொன்ன மந்திரத்தத் திருப்பி எடுத்துக்கங்க."

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். ஈரத்தில் இறுகியிருந்தது, வரவில்லை. பல்லால் கடித்தேன். என் புருஷன் என் முடியைப் பிடித்து இழுத்து அறைந்தார். அதற்கு முன்னால் அவர் என்னை அடித்ததில்லை. அம்மா எதிரில், ஊர் எதிரில், கடலுக்குள் அடித்தார். அந்தப் பெண் முடிச்சோடு இழுபட்டுத் தடுமாறித் தண்ணீரில் விழுந்தாள். அவள் உப்புத்தண்ணீர் குடித்து இருமினாள். எனக்குப் பாவமாக இல்லை. இன்னும் கொஞ்சம் குடிக்கட்டும் என்று இருந்தது.

எங்கள் பஸ் ஜனம் கரையேறி நின்று கூச்சல் போட்டது. தீட்டுக்காரி இறங்கிவிட்டாள், எல்லோர் முழுக்கும் வீண், மறுபடி முழுக வேண்டுமா, பரிகாரம் உண்டா என்று ஐயரைப் பிய்த்தார்கள். அவருக்குப் பின்னால் வரிசை வளர்ந்துகொண்டே இருந்தது. எரிச்சலோடு, கடலுக்குத் தீட்டு கிடையாது, எத்தனை பேர் எப்படி இறங்கினாலும் கடல் கடல்தான், போய் அடுத்த தீர்த்தம் ஆடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

நான் நின்றேன். கடலுக்குத் தீட்டு கிடையாது. அப்படியானால் என்னை ஏன் செருப்புக்குக் காவல் வைத்தார்கள்? அதை வாயைத் திறந்து கேட்பதற்குள் என் மாமியார் முந்திக்கொண்டாள். முழங்கால் வலிக்காரி, இடுப்பளவு தண்ணீரில் நிமிர்ந்து நின்றாள்.

"கேட்டுக்கினியா? கடலுக்குத் தீட்டு இல்லியாம். நீ எறங்கினதால ஒண்ணும் கெடல. அவங்க போட்ட முழுக்கு முழுக்குதான். மந்திரம் மந்திரந்தான். கடலம்மாவே குடுத்துட்டா, நீ யாரு நடுவுல?"

அந்த வார்த்தை எங்கள் ஜனத்துக்குப் பிடித்துப்போயிற்று. தாலி கட்டவில்லை, மேளம் இல்லை, ஒரு அவசரக்கார ஐயர் ஆள் தெரியாமல் முடிச்சுப் போட்டார். அதைக் கல்யாணம் என்று எடுத்துக்கொள்ள எங்கள் ஊர்க்காரர்களால்தான் முடியும். மத்தியானம் சாப்பாட்டுப் பந்தியில் அதே பேச்சு. கேட்காமல் வந்த வரம் என்றார்கள். அமாவாசையில் கடல் சாட்சியாகக் கைபிடித்துவிட்டு விட்டுவிட்டால் அந்தப் பெண்ணை வேறு எவனுக்குக் கட்டிக்கொடுப்பது என்று ஏஜெண்டே சொன்னான். எனக்கு இலையை வாசலுக்கு வெளியே, வெயிலில் போட்டார்கள்.

அங்கிருந்து போய்விடலாம் என்று நினைத்தேன். எப்படிப் போவது? ரயில் தவிர வழி இல்லை. எல்லோருடைய டிக்கெட்டும் மாமியார் இடுப்புச் சுருக்குப்பையில். கால் போன பக்கம் நடந்தேன், தண்ணீர் வந்தது. திரும்பி வேறு பக்கம் நடந்தேன், அங்கேயும் தண்ணீர் வந்தது. தீவு என்றால் அதுதான் அர்த்தம் போல. கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகக்கூட வழி இல்லாத ஊர். மறுநாள் மற்றவர்கள் ராமர் பாதம் பார்த்தார்கள், சங்குக் கடையில் பேரம் பேசினார்கள். சங்கு வளையல் ஒன்று அந்தப் பெண் கைக்கு வந்திருந்தது.

சாயங்காலம் என் புருஷன் நான் உட்கார்ந்திருந்த மணலுக்கு வந்தார். நாலு முழம் தள்ளி நின்றார். அடித்ததற்கு ஒன்றும் சொல்லவில்லை. கடலில் கை பிடித்தாயிற்று, இனி விட்டால் பாவம், குடும்பத்துக்கு ஆகாது என்றார். உன்னையும் தள்ளிவிட மாட்டேன், நீயும் இருந்துகொள் என்றார். நாய்க்குட்டியை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"கையப் புடின்னு யாரு சொன்னா?" என்று கேட்டேன்.

"ஐயருதான் சொன்னாரு. அம்மா பேசாம இருந்துச்சு."

"கை உன்னுதா, உங்க அம்மாவுதா?"

திரும்பி நடந்தார். போகும்போது தன் செருப்பு ஒன்று காணவில்லை, நீ பார்த்தாயா என்று கேட்டார்.

கன்னியாகுமரி போய் ஊர் திரும்புகிற வரைக்கும் நான் பஸ்ஸின் கடைசியில் ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகும் என்னை யாரும் முன்னால் கூப்பிடவில்லை.

என் அப்பா வந்து பேசினார். பேசினார் என்றால் காபி குடித்தார். எனக்குக் கீழே இரண்டு தங்கைகள் கல்யாணத்துக்கு நின்றார்கள். நான் திரும்பிப்போனால் அவர்களுக்கு மாப்பிள்ளை வராது. "அவங்கதான் வெச்சிக்கிறேன்னு சொல்றாங்களேமா. வேற எங்க போவ நீ?" என்று கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பினார். அறுவடை முடிந்ததும் செங்கம் பக்கத்தில் ஒரு முருகன் கோயிலில் தாலி கட்டினார்கள். சட்டம் இருக்கிறது என்று யாரோ சொன்னார்களாம். கடலே சாட்சி, சட்டம் என்ன சாட்சி என்று என் மாமியார் கேட்டாளாம்.

நான் வீட்டை விட்டுப் போகவில்லை. போயிருந்தால் அவர்களுக்கு வசதியாகப் போயிருக்கும். முதல் காரணம் தங்கைகள், இரண்டாவது காரணம் ஆத்திரம். இரண்டாவதுதான் பெரியது. அடுப்பங்கரையை நான் விடவில்லை. கடையை விடவில்லை. அந்த ஆளோடு பேசுவதை விட்டேன், அவர் பக்கத்தில் படுப்பதை விட்டேன். அவளுக்கு வரிசையாக மூன்று பிள்ளைகள் பிறந்தன. அப்படியானால் குறை என்னிடம்தான். சரி, இருக்கட்டும். குறை இருந்தால் செருப்புக்குக் காவல் வைப்பீர்களா? பிள்ளைகள் என்னைப் பெரியம்மா என்று கூப்பிடும். கூப்பிட்டால் என்ன என்று கேட்பேன். ஒன்றையும் நான் இடுப்பில் தூக்கியதில்லை. தெருவில் என்னைக் கல் நெஞ்சுக்காரி என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு மத்தியானம். மாமியார் போய்ச் சேர்ந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. நானும் அந்தப் பெண்ணும் மட்டும் வீட்டில். அவள் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள், நான் உலை வைத்திருந்தேன். அத்தனை வருஷம் கேட்காததை அன்றைக்குக் கேட்டேன். விரலை வாயில் வைத்துக் காட்டினேனே, தலையை ஆட்டினாயே, பிறகு ஏன் போய்ச் சொன்னாய் என்று.

அவள் உரிப்பதை நிறுத்தினாள்.

"சாமி குத்தம் ஆயிடும்னு பயந்துட்டேன்கா. உனக்கு எதனா ஆயிடும்னுதான் அத்தகிட்ட சொன்னேன். இப்பிடி ஆவும்னு தெரியாது. அந்த ஐயரு முடிச்சு போட்டப்ப எனக்கு வாயே வரல."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பொய் இல்லை. அவளுக்குப் பொய் சொல்ல வராது, அதற்கு வேண்டிய மூளை கிடையாது. கெட்ட எண்ணத்தில் சொன்னேன் என்று ஒத்துக்கொண்டிருந்தால் அன்றைக்காவது எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பயத்தில் உளறிய ஒரு வார்த்தையில் என் இடம் போயிருக்கிறது. அவளும் அந்த ஆளைக் கேட்டு வாங்கவில்லை, அவள் தலையில் கட்டினார்கள். எல்லாம் எனக்குப் புரிந்தது. புரிந்தும் கோபம் குறையவில்லை.

சரி, எழுந்து கையைக் கழுவு என்றேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அவர்களுக்குச் சோறு போட்டேன். அந்த ஆளுக்குப் போட்டேன். நான் போட்டுக்கொண்டு சாப்பிட்டு முடித்தேன். அவளுக்குக் கடைசியில், அடிச்சோற்றைப் போட்டேன். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.